முன் சீட்டில் என் வேலை

ஜனவரி 17, சனி

வண்டிக்குள் எங்கெல்லாம் பொருள் வைக்கலாம் என்று அவர் இன்று நான்காவது முறையாகக் காட்டினார். இந்த முறை எதிர்வீட்டு வாத்தியாருக்கு. கதவில் தண்ணீர் பாட்டில் செருகலாம். கை வைக்கிற இடத்தைத் தூக்கினால் ஒரு குழி. முன்னால் இருக்கிற பெட்டி ஃபிரிட்ஜ் மாதிரி குளிருமாம். சீட்டுக்கு அடியில்கூட இழுக்கிற தட்டு ஒன்று. "செருப்பு வெச்சுக்கலாமுங்க" என்றார். வாத்தியார் குனிந்து பார்த்துவிட்டு, "எங்க வீட்டுலகூட இத்தன அலமாரி இல்லீங்க ஈஸ்வரமூர்த்தி" என்றார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வருஷம் மோட்டார் பம்பு விற்று, ஐம்பத்திரண்டு வயதில் வாங்கியிருக்கிற முதல் புது வண்டி. இதுவரை ஓட்டியதெல்லாம் பிறர் ஓட்டிப் பழசாக்கியவை.

சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றக் கூடாது என்று உத்தரவு. உட்கார்ந்தால் சரசரக்கிறது.

மாலையில் கவுந்தப்பாடி வரை போய்வந்தோம். திரும்பும்போது ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கிற திரையில் 'டிங்' என்று ஒரு காப்பிக் கோப்பை தோன்றியது. ஆவியோடு.

"பாத்தியா கோகிலா, காப்பி நேரம்னு அதுக்கே தெரியுது!"

வீட்டுக்கு வந்ததும் வாத்தியாரிடம் அதையும் சொன்னார். "சக்கர போடாம குடுக்குமுங்களா? எனக்கு சுகருங்க" என்றார் வாத்தியார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

கோப்பை வந்தபோது நான் பேச்சை நிறுத்தியிருந்தேன். அதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 19, திங்கள்

உடுமலையிலிருந்து சம்பந்தியம்மா பேசினார். மகள் மிருதுளாவுக்கு ஒன்பதாம் மாதம் பிறக்கிறது. பிப்ரவரி எட்டு, ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சோறு வைத்துக்கொள்ளலாம் என்றார். கோபியிலிருந்து நாங்கள் சோறு கட்டிக்கொண்டு போக வேண்டும். அங்கே விருந்து முடித்து அவளைப் பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டும். சாயங்காலம் ராகுகாலம் வருவதற்குள் வீட்டுப்படி ஏறிவிட வேண்டும் என்பதால், சாப்பிட்ட கையோடு கிளம்பச் சொன்னார்.

சாப்பிட்ட கையோடு. மத்தியான வெயிலில். இரண்டரை மணி நேரம்.

நாத்தனார் சரஸ்வதிக்கு அடுத்த தெருதான். செய்தி கேட்டதும் வந்து, யார் எதில் ஏறுவது என்று அவரே பிரித்துவிட்டார். உறவுக்காரர்கள் வேனில். போகும்போது எங்கள் வண்டியில் அவரும் நாங்கள் இருவரும். வரும்போது அவர் வேனுக்கு மாறிக்கொள்வார்.

"மிருதுளா முன்னாடி உக்காந்துக்கட்டும். நீ பொறகால ஏறிக்க."

"நான் முன்னாடியே இருக்கறனுங்க நங்கையா. அவ பின்னாடி காலை நீட்டிக்கட்டும்."

"மாசமா இருக்கறவளப் பொறகால போட்டுக் குலுக்குவியா? அப்படி என்ன உனக்கு முன்சீட்டு மேல ஆசை?"

ஆசைதான். முன்சீட்டில் என் வேலை பேசுவது. "கோகிலா ஏறுனா வண்டிக்கு ரேடியோவே வேண்டாம்" என்று என் வீட்டுக்காரர் எல்லோரிடமும் சொல்வார். கேள்வியாகப் பேசுவேன். மஞ்சள் என்ன விலைக்குப் போச்சுங்க? அந்தத் தோட்டம் ஆருதுங்க? கேள்வி கேட்டால்தான் பதில் வரும். பதில் தாமதமானால் திரும்பி அவர் கண்களைப் பார்ப்பேன். இரண்டு வருஷமாக இப்படித்தான். பெருந்துறை பக்கம் நடு ரோட்டுத் தடுப்புக் கல்லில் டயர் ஏறி இறங்கியதே, அன்றிலிருந்து. டயரில் காற்று கம்மி என்று அவர் சொன்னார். நானும் கேட்டவர்களுக்கெல்லாம் அப்படியே சொன்னேன்.

பின்சீட்டிலிருந்து பார்த்தால் அவர் கண்கள் தெரியாது.

ஜனவரி 20, செவ்வாய்

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நியூஸ் பார்த்தபடி தூங்கினார். டிவியை அணைத்தேன். "பாத்துட்டுத்தான இருக்கறேன்" என்றார், கண்ணைத் திறக்காமலே.

ஜனவரி 23, வெள்ளி

வண்டியோடு வந்த புத்தகத்தை யாரும் பிரிக்கவே இல்லை. அவர் கடைக்கு ஸ்கூட்டரில் போனபிறகு, போர்ட்டிகோவில் நிற்கிற வண்டிக்குள் உட்கார்ந்து படித்தேன். விலங்கியல் பட்டம் வாங்கியபிறகு இப்படிக் கோடு போட்டு நான் படித்த புத்தகம் வேறு இல்லை. தலைக்குப் பின்னால் இருக்கிற மெத்தை சாய்ந்து தூங்குவதற்கு இல்லையாம். பின்னாலிருந்து யாராவது இடித்தால் கழுத்து ஒடியாமல் இருப்பதற்காம். காது உயரத்துக்குத் தூக்கி வைக்க வேண்டும். கனமான சாமானை டிக்கியில் அடியோடு, சீட்டை ஒட்டி வைக்க வேண்டும். பின்சீட்டில் சும்மா வைத்தால் பிரேக் அடிக்கும்போது பறந்து வரும்.

காப்பிக் கோப்பை பற்றியும் போட்டிருக்கிறது. ஓட்டுகிறவர் களைத்துப்போய்க் கவனம் குறைந்ததாக வண்டிக்குத் தோன்றினால் அந்தப் படம் வருமாம். நிறுத்தி ஓய்வெடுக்கச் சொல்கிறதாம். இதெல்லாம் நேர் ரோட்டுக்காகச் செய்தது. நம் ஊர் குழிகளுக்காக வளைந்து வளைந்து போனால் அது பாவம் எதையாவது நினைத்துக்கொள்ளும்.

கர்ப்பிணிகளுக்கு ஒரு பக்கம். கீழ்ப்பட்டை வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பின் மேல். மேல்பட்டை மார்புக்கு நடுவில். வயிற்றின் குறுக்கே போகவே கூடாது. படித்தால் புரியவில்லை. உள்ளேயிருந்து ஒரு தலையணை எடுத்துவந்து சேலைக்குள் செருகிக்கொண்டு, பெல்ட்டைப் போட்டுப் பார்த்தேன். சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளினால் சரியாக வருகிறது. அந்த நேரம் பார்த்துத்தான் சரஸ்வதி கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்.

கண்ணாடி வழியாக என் வயிற்றைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன கோகிலா, உனக்குமா?"

"பெல்ட்டு போட்டுப் பாக்கறனுங்க நங்கையா. மிருதுளாவுக்காக."

"நல்லா பாத்த போ. புள்ளத்தாச்சிக்கு ஆராச்சும் பெல்ட்டு போடுவாங்களா? கொழந்தைய அழுத்தாது? நாங்கெல்லாம் மாட்டு வண்டில போயித்தான் பெத்தோம்."

அவர் இரண்டு குழந்தைகளுக்கும் ஆம்புலன்ஸில் போனவர். தலையணையை எடுக்கவும் மறந்து அப்படியே இறங்கிக் காப்பி போடப் போனேன்.

ஜனவரி 26, திங்கள்

இன்று கடை விடுமுறை. சோறு கொண்டுபோக மூடி போட்ட பெரிய பாத்திரங்கள் வாங்க ஈரோடு போனோம். கார் சாமான் கடையில் அவர் ஒரு சின்ன இரும்பு நாக்கு வாங்கினார். பெல்ட் செருகுகிற இடத்தில் இதைச் செருகிவிட்டால், பெல்ட் போட்டிருப்பதாக நினைத்து வண்டி சத்தம் போடாதாம். மிருதுளாவுக்காக. "வவுத்த அழுத்தாம வரட்டும். புள்ளைக்குக் கூவிக்கிட்டே வந்தா எரிச்சலாயிரும்" என்றார். ஆசையோடுதான் வாங்கினார். அவளுக்குப் பிடித்த நிறத்தில் இருக்கிறதா என்றுகூடக் கேட்டார்.

காப்பிக் கோப்பையையும் அணைத்துவிட்டார். எங்கோ அமுக்கினால் போய்விடுகிறது. "தொணதொணங்குது. வண்டில உன்ற ஒருத்தி தொணதொணப்பு பத்தாதா?"

திரும்பும்போது மணி மூன்று இருக்கும். பாத்திர விலை, மாப்பிள்ளை சபரீஷின் காற்றாலை வேலை, வாத்தியார் வீட்டுக் குழாய் என்று எல்லாம் கேட்டு முடித்துவிட்டேன். ஒரு கட்டத்தில் கேட்க எதுவுமே இல்லை. வண்டி கொஞ்சம் இடப்பக்கம் போனது. நான் கை வைத்தேன். நல்ல வண்டி, ஸ்டியரிங் லேசாகத் திரும்புகிறது.

"என்ன புள்ள, கைய எடு" என்றார்.

"பூச்சி உக்காந்திருந்துதுங்க."

இரும்பு நாக்கை வீட்டுக்கு வந்ததும் கிணற்றில் போட்டுவிட்டேன். எங்கே என்று கேட்டால் பூச்சி தூக்கிப்போய்விட்டது என்று சொல்ல வேண்டியதுதான்.

ஜனவரி 28, புதன்

இன்று கேட்டேன். சோறு போடும்போது, பெரிய விஷயமில்லை என்பதுபோல.

"அன்னிக்கு ஒரு ஆக்டிங் டிரைவர் போட்டுக்கலாமுங்களா? நீங்க விருந்துல நிம்மதியா இருக்கலாம்."

சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். "எம்புள்ளயக் கூட்டியாரதுக்குக் கூலிக்கு ஆளா? சம்பந்தி ஊட்டுல என்ன நெனப்பாங்க? அப்பன் செத்துட்டானா?"

"அப்படிச் சொல்லலீங்க."

"பின்ன?"

பின்ன என்ன என்று சொல்லியிருக்கலாம். அவர் முகத்தில் கோபத்தைவிட வேறொன்று இருந்தது. அவள் பிறந்தபோது மழையில் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிவந்தவர். பள்ளி, காலேஜ் ஹாஸ்டல், கல்யாணத்துக்கு அழைத்துப்போன நாள் என்று எல்லாவற்றுக்கும் அவர்தான் ஓட்டினார். அவளிடம் அவர் பாசத்தைச் சொன்னதே இல்லை. ஓட்டியிருக்கிறார்.

"டாக்டர்கிட்ட ஒருக்கா..." என்று ஆரம்பித்தேன். "எனக்கென்ன கேடு? குண்டுக்கல்லாட்ட இருக்கறேன்" என்று எழுந்துவிட்டார்.

ரசம் அப்படியே இருந்தது. நான் குடித்தேன்.

ஜனவரி 30, வெள்ளி

மிருதுளா காலேஜில் சேர்ந்த வருஷம் நான் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்ஸ் எடுத்தேன். அதன்பின் இவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு தடவை ஓட்டினேன். இரண்டாவது தடவை அவர் போட்ட சத்தம் தாங்காமல் ஓரமாக நிறுத்திவிட்டுச் சாவியைக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

இன்று அவர் ஸ்கூட்டர் தெரு முனை திரும்பியதும் வண்டியை எடுத்தேன். இதில் கியர் மாற்ற வேண்டியதில்லை. பின்னால் எடுக்கும்போது எது பக்கம் வந்தாலும் கூவுகிறது. சுவர், துளசிமாடம், வாத்தியாரின் நாய் என்று எல்லாவற்றுக்கும் கூவியது. பாரியூர் கோயில் வரை போனேன். உள்ளே போய்க் கும்பிடவில்லை. திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

வாத்தியார் வாசலில் நின்று பார்த்தார். ஒன்றும் கேட்காமல் பேப்பரை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார்.

பிப்ரவரி 2, திங்கள்

இன்று சத்தியமங்கலம் ரோடு. பஸ்ஸை முந்தவில்லை. பஸ் என்னை முந்தியது, டிராக்டர் என்னை முந்தியது.

சாயங்காலம் அவர் வண்டிக்குள் ஏறிக் காலை மடக்க முடியாமல் நெளிந்தார். "ஆரு சீட்ட முன்னாடி இழுத்தது? முட்டி இடிக்குது."

"தொடைச்சனுங்க."

"கண்ணாடியுமா தொடைச்ச? எனக்கு வானந்தான் தெரியுது."

நாளையிலிருந்து சீட்டின் பழைய இடத்துக்குச் சாக்பீஸில் கோடு போட்டுக்கொள்ள வேண்டும்.

எதற்காக ஓட்டிப் பார்க்கிறேன் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன்? சும்மா. வண்டியைத் தெரிந்து வைத்துக்கொள்வதற்கு.

பிப்ரவரி 5, வியாழன்

மிருதுளா பேசினாள். கால் வீக்கம், நெஞ்செரிச்சல், மாமியார் போடுகிற கஷாயம் என்று சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"ம்மா, ஞாயித்துக்கெழம ஆரு ஓட்டறது?"

"அப்பாதான். ஏன் கண்ணு?"

"அப்பா இன்னும் தூங்கறாரா?"

"என்ன சாமி கேக்கற?"

"கடைசி வருசம் ஹாஸ்டலுக்குக் கொண்டுவந்து விடறப்பவே எனக்குத் தெரியும்மா. நான் பின்னாடி உக்காந்து கண்ணாடியில அப்பா கண்ணையே பாத்துட்டு வருவேன். நீ எதுக்கு அப்படி ஓயாம பேசறேன்னு எனக்குத் தெரியாதா?"

அவளே பேசினாள். "இங்கயே பொறந்துக்கட்டும்னு சொல்லிரலாமான்னு இருக்குதும்மா. அத்த வருத்தப்படமாட்டாங்க. அப்பாதான் ஒடஞ்சு போயிருவாரு. எனக்கு மட்டும்னா பரவால்ல, வந்துருவேன். இப்ப நான் ஒருத்தி இல்லையே. நீ சொல்லு, வரட்டுமா?"

"டவர் இல்ல கண்ணு, அப்பறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டேன்.

போனில் நான்கு கோடும் இருந்தது.

பிப்ரவரி 6, வெள்ளி

அவர் வண்டி ஓட்டும்போது தூங்குகிறார்.

பிப்ரவரி 7, சனி

காலையில் மிருதுளாவைக் கூப்பிட்டு, "வா" என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

மாவு, எலுமிச்சை, தேங்காய், வாழைத்தார். ஐந்து வகைச் சோறு, நாளை விடியும் முன்பே சமையல்காரர் வருகிறார். கடையிலிருந்து வந்ததும் என் வீட்டுக்காரர் பாத்திரங்களையெல்லாம் பின்சீட்டில் அடுக்கினார். எடுக்கத் தோதாம். அவர் குளிக்கப் போனதும் எல்லாவற்றையும் டிக்கிக்கு மாற்றி, சீட்டை ஒட்டி வைத்துக் கயிற்றால் கட்டினேன். தலைமெத்தைகளைக் காது உயரத்துக்குத் தூக்கினேன். சோறு நாளைக்குத்தான். காலிப் பாத்திரங்களுக்கே இவ்வளவு பதற்றம்.

பிப்ரவரி 8, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

காலையில் அவர்தான் ஓட்டினார். விடிந்தும் விடியாத நேரம் அவருக்குச் சிக்கல் இல்லை. சரஸ்வதி பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் வாழைத்தாரைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் முன்னால் உட்கார்ந்து கேட்கிற கேள்வியெல்லாம் கேட்டேன்.

மிருதுளாவுக்குப் பச்சைப் பட்டு. முகம் உப்பி, மூக்கு அகன்று, அழகாக இருந்தாள். வளையல் போட்டார்கள். சோற்று உருண்டைகளை ஒவ்வொருவராக அவள் மடியில் கட்டினார்கள். அவர் ஓரமாக நின்று, துண்டால் முகத்தைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்தார். பிறகு விருந்து. சம்பந்தி பக்கத்திலேயே நின்று அவருக்குப் பரிமாறச் சொன்னார். தயிர்ச்சோறு இரண்டாம் தடவை வந்தபோது அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. இலையை மூடும்போதே கொட்டாவி விட்டார். நான் பந்தியின் மறுகோடியில் இருந்து பார்த்தேன். என் இலையைப் பாதியிலேயே மூடினேன்.

கை கழுவிவிட்டு நேராக வண்டிக்குப் போனேன். மிருதுளா ஏற்கனவே முன்சீட்டில் இருந்தாள். அவளுக்குப் பெல்ட் போட்டுவிட்டேன், வயிற்றுக்குக் கீழே இறக்கி.

சம்பந்தியம்மா ஓடிவந்தார். "ஏனுங்க, அழுத்தாதுங்களா?"

"இடுப்புலதானுங்க இருக்குது. பாருங்க, வவுத்துல படல." அவர் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துக் காட்டினேன்.

பிறகு சுற்றிவந்து ஓட்டுகிற சீட்டில் ஏறி, என் பெல்ட்டையும் போட்டுக்கொண்டேன். மிருதுளா என்னைப் பார்க்கவில்லை. நேராக முன்னால் பார்த்துக்கொண்டு என் முழங்கையை மட்டும் தொட்டாள்.

அவர் வெற்றிலை மென்றபடி வந்தார். பின்னால் சம்பந்தி, சபரீஷ், பங்காளிகள், ஊரே.

"என்ன புள்ள, ஏசி போட்டு வெச்சுட்டயா? எறங்கு, நேரமாச்சு."

"நான் ஓட்டறனுங்க."

சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து ஜன்னலுக்குக் குனிந்தார். முகம் என் முகத்துக்குப் பக்கத்தில். "வெளையாடாத. எல்லாரும் பாக்கறாங்க."

"தெரியுதுங்க."

"எறங்குன்னு சொல்றேன்."

"நீங்க தூங்கறீங்க."

"ஆரு?"

"நீங்கதான். ஓட்டறப்ப. ரண்டு வருசமா. பெருந்துறையில டயர் நல்லாத்தான் இருந்துது. மிருதுளாவுக்கும் தெரியும்."

அவர் மிருதுளாவைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த ஒரு பார்வையை நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.

"இத்தன பேரு முன்னாடி..." என்றார்.

"அதனாலதான் மெதுவாச் சொல்றேன். எறங்கச் சொன்னீங்கன்னா சத்தமாச் சொல்லுவேன்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. சொன்ன பிறகு என் கை ஸ்டியரிங்கை விட்டு வரவில்லை. அவர் நிமிர்ந்தார். அவர் சட்டையின் வயிற்றுப் பகுதி மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அது மேலும் கீழும் ஏறி இறங்கியது. பிறகு குரல் கேட்டது, எல்லோருக்கும் கேட்கும்படி.

"பாத்தீங்களா சம்பந்தி அநியாயத்த! பணங்கட்டி வண்டி எடுத்தது நானு. ஓட்டறது எம்பொண்டாட்டியாமா!"

"காலம் அப்படி ஆயிப்போச்சுங்க. பேசாம பொறகால ஏறிக்குங்க" என்றார் சம்பந்தி. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பின்கதவை அடித்துச் சாத்தியதில் வண்டியே ஆடியது.

முதலில் உத்தரவுகள் வந்தன. "கண்ணாடியப் பாரு." "பஸ்ஸுக்கு வழி உடு." "ஆரன் அடி, ஆரன் எதுக்கு இருக்குது?" உடுமலை தாண்டும்வரை நிற்கவில்லை. சில சரி, சில தப்பு. எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்றேன். இரண்டு பக்கமும் காற்றாலைகள். உள்ளங்கை வேர்த்து வழுக்கியது. சேலையில் துடைக்கக்கூடக் கையை எடுக்கப் பயம்.

குடிமங்கலம் தாண்டி உத்தரவு நின்றது. மிருதுளா மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

"ம்மா."

"தெரியும் கண்ணு."

கண்ணாடியில் பார்த்தேன். தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்து. கோபத்தோடு ஏறியவர், கோபம் தீரும் முன்பே.

பல்லடத்துக்கு முன்னால் கோழி லாரிகள் ஓரமாக நிற்கிற இடம் வந்தது. ஒரு லாரி பாதி ரோட்டில் நின்றது. பின்னால் வேப்பங்கிளை ஒடித்துப் போட்டிருந்தார்கள். தூரத்திலேயே பார்த்துவிட்டேன். வேகத்தைக் குறைத்து, எதிரே வந்த பஸ்ஸைப் போகவிட்டு, சுற்றிக்கொண்டு போனேன். ஒன்றுமே நடக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் எல்லாம் தெரிகிறது. மிருதுளா இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் வைத்திருந்தாள். அந்த லாரியைத் தாண்டியபிறகுதான் எடுத்தாள்.

ராகுகாலத்துக்கு முன்பே வந்துவிட்டோம். வேன் எங்களுக்கு முன்னால் வந்திருந்ததால் சரஸ்வதி ஆலாத்தித் தட்டோடு வாசலில் நின்றார். நான் ஓட்டுகிற பக்கத்திலிருந்து இறங்கியதைப் பார்த்து, தட்டைச் சுற்றவும் மறந்து நின்றார். "நல்லா பாத்த போ" என்றார் கடைசியில். ஆனால் எனக்கும் சேர்த்துப் பொட்டு வைத்தார்.

மிருதுளாவை உள்ளே படுக்க வைத்துவிட்டு வெளியே வந்தேன். அவர் இன்னும் பின்சீட்டில். கதவைத் திறந்தேன். விழித்துக்கொண்டு வீட்டைப் பார்த்தார்.

"வந்துட்டமா?"

"வந்துட்டமுங்க."

"புள்ள?"

"உள்ள படுத்திருக்கறா."

பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார். "எங்க தூங்குனேன்?"

"குடிமங்கலம் தாண்டி."

"கோழி லாரிக நிக்குமே. அதுக்கு முன்னாடியா, பொறகா?"

"முன்னாடிங்க."

அவர் முன்சீட்டைப் பார்த்தார், மிருதுளா உட்கார்ந்திருந்த இடத்தை. பெல்ட் முழுசாக உள்ளே இழுபடாமல் பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது. கையை நீட்டி அதைத் தொட்டார். இறங்கவில்லை. நானும் இறங்கச் சொல்லவில்லை. கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன்.

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் என்னோடு பேசவில்லை. தோசைக்குச் சட்னி பத்தாதபோதுகூட மிருதுளாவிடம்தான் கேட்டார். கிளம்பும்போது, நான் சமையலறையில் இருப்பது தெரிந்தும், கூடத்தில் நின்று அவளிடம் சத்தமாகச் சொன்னார்.

"உங்கம்மாகிட்டச் சொல்லு, ரிவர்ஸ் எடுக்கறப்ப இடது பக்கம் தென்னமரம் இருக்குது. அதுக்கு அந்த மிஷின் கூவறதில்ல. திரும்பிப் பாத்துத்தான் எடுக்கோணும்."